ஜேசுராஜ் குடித்த நீராகாரம்

ஆஸ்பத்திரிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். பெண்டாட்டி அமலி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன நேரத்தில் ஜேசுராஜ் ஒரு சொம்பு நீராகாரத்தைப் பருக்கையோடு குடித்துவிட்டான். வலங்கைமான் பக்கம் நாற்றுப் பறிக்கப் போகிற யாரும் அதைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. அவனும் சேர்க்கவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது ஒளிக்காமல் சொன்னான். அவள் திட்டிவிட்டு, இன்றைக்கு முடியாது என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

அமலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றுக் கட்டி சுருங்கியிருந்தால்தான் ஆபரேஷன். இல்லையென்றால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

குவைத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவன் சோறு தங்காமல் எலும்பாகத் திரும்பி வந்தான். இரைப்பையின் கீழ்வாசலில் புற்று. முதல் தடவை குழாய் அந்த வாசலைத் தாண்டவே இல்லை. மருந்து ஏற்றினார்கள், வாய் வெந்து, முடி கொட்டி, போதுமென்று படுத்துவிட்டான். அப்புறம்தான் டாக்டர் ஜாய்ஸ், சோதனையில் இருந்த புது மருந்தைச் சொன்னார். மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத நானோ துகளுக்குள் அடைத்து ஊசியில் ஏற்றுவார்களாம். ரத்தத்தோடு போய்க் கட்டியில் அதிகமாகத் தங்கி, அங்கேயே மெல்ல அவிழுமாம். அமலி, யூரியா சட்டென்று கரைந்து ஓடாமலிருக்க வேப்பம்புண்ணாக்கில் கலந்து வயலில் போடுகிறவள்.

"அப்ப தண்ணியோட ஓடிப்போவாம பயிருக்கே சேரும்" என்றாள்.

கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் கேட்குமா என்று சத்தியம் பண்ண முடியாது என்றார் டாக்டர். அந்த ஊசியைப் போட்டு முடித்து, கட்டி சுருங்கியதா என்று பார்க்கத்தான் இன்றைக்கு வந்திருந்தார்கள்.

இப்போது அமலி புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "அத குடிக்கலன்னா செத்தா போயிடுவ?" கேட்ட பிறகுதான் கேட்டது உறைத்தது.

"பசிச்சுதுடி" என்றான்.

கரண்டியில் ஊட்டினாலே ஓங்கரித்தவன். அந்த வார்த்தையை அவன் சொல்லி எத்தனை காலம்! சீட்டைப் பிடுங்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினாள்.

"வாந்தி எடுத்தாரா?"

"இல்லீங்க. பஸ்ஸுலகூட ஒண்ணும் வரலீங்க."

"பருக்கையோடவா குடிச்சாரு?"

"ஆமாங்க டாக்டர்."

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சோறு தங்கியிருந்தால் வாசல் திறந்திருக்கலாம், சாயங்காலம் வரை பச்சைத் தண்ணிகூடக் கூடாது, நானே பார்க்கிறேன் என்றார்.

சாயங்காலம் அமலியை, குழாய் காட்டும் படம் ஓடுகிற திரைக்குப் பக்கத்தில் நிற்க விட்டார்கள். சிவப்பாக ஏதோ நெளிந்தது. டாக்டரின் கை ஓரிடத்தில் நின்றது. கை மறுபடி நகர்ந்தது.

"குழாய் வாசலத் தாண்டிடுச்சும்மா. நல்லாவே சுருங்கியிருக்கு. போன வார ஸ்கேன்லயும் வேற எங்கயும் பரவல. ஆபரேஷன் பண்ணிடலாம்."

அமலி சீட்டை டாக்டரிடம் நீட்டினாள்.

"என்னிக்குன்னு சொல்லுங்க டாக்டர். நாளைக்கேன்னாலும் இங்கயே கெடக்கோம்."