தொட்டியில் கலந்த பொடி

மோகா ஊரில் மின்சாரம் போய் மூன்று மணி நேரமாகியும் யோகாஸ்தாவுக்குத் தூக்கம் வரவில்லை. கொட்டகையில் நாலாயிரம் கோழிக்குஞ்சுகளில் பாதி இருமிக்கொண்டிருந்தன. விடிந்தால் மறுபடி தடுப்பூசி. இந்த முறை வேறு ஆள் வருகிறான்.

போன முறை போட்டது அவளுடைய ஞானத்தகப்பன் பியென்வெனிதோ. பிறகு குஞ்சுகளின் ரத்தத்தைச் சோதித்தால் எதிர்ப்பு சக்தி துளிகூட இல்லை. மருந்தை வெயிலில் விட்டுக் கெடுத்தான் என்று அப்பா எலாதியோ ஊரெல்லாம் சொன்னார். இப்போது எந்தப் பண்ணையும் பியென்வெனிதோவைக் கூப்பிடுவதில்லை.

ஆனால் அந்தத் தடுப்பூசிக்கு முதல் நாள் தண்ணீர்த் தொட்டியில் ஸ்டீராய்டு பொடியைக் கொட்டியவள் அவள்தான். இருமல் உடனே நின்றுவிடும் என்று தீவனக் கடைக்காரன் கொடுத்தது. நின்றும்விட்டது. அது குஞ்சுகளின் எதிர்ப்பு சக்தியையும் அமுக்கிவிடும் என்று சோதனைக்கு வந்த கால்நடை மருத்துவர் பேச்சுவாக்கில் சொன்னார். அதை அப்பாவிடம் சொல்ல மூன்று முறை வாயைத் திறந்தாள். மூன்று முறையும், தொல்லை பண்ணாதே என்று அப்பா கையசைத்துவிட்டார்.

இன்று விடக்கூடாதென்று கொட்டகைக்குப் போனாள். கைவிளக்கை வாயில் கவ்வியபடி அப்பா தொட்டிமேல் குனிந்திருந்தார். கையில் அதே ஸ்டீராய்டு பொடியின் மஞ்சள் பொட்டலம். பாதி காலி.

"அப்பா, அதைப் போடாதீங்க. போன தடவை நான் போட்டேன். அதனாலதான் ஊசி பிடிக்கல. அவர் மேல தப்பில்ல."

விளக்கை வாயிலிருந்து எடுத்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தாள்.

"நீயுமா?" என்றார்.

அந்த 'உம்' அவளுக்கு விளங்கியது: போன முறை அப்பாவும் போட்டிருக்கிறார்.

"அப்போ உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா அவர ஊரெல்லாம் பேசினீங்க?"

"அது ஊசியக் கெடுக்கும்னு டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதுக்குள்ள ஊருக்கே சொல்லிட்டேன். இருமுற குஞ்சப் பாத்தா ஊசிக்காரன் திரும்பிப் போயிடுவான். அதான் இன்னிக்கும்... கொஞ்சமாப் போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு..."

யோகாஸ்தா தொட்டியின் அடியிலிருந்த குழாயைத் திறந்துவிட்டாள். பொடி கரைந்த மஞ்சள் தண்ணீர் அவர் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது. அவர் தடுக்கவில்லை. காலில் ஒட்டிய உமியைத் தட்டிவிட்டார்.

"நாளைக்கு ஊசி வேணாம்னு சொல்லுங்க. அப்புறம் பியென்வெனிதோவுக்கும் போன் போட்டு உண்மையச் சொல்லுங்க." தன் போனை நீட்டினாள்.

"சிக்னல் இல்ல," என்றார் திரையைப் பார்க்காமலே.

பியென்வெனிதோ வீட்டுக்கே போக, அவள் சுவரில் தொங்கிய மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தாள்.