டேங்குக்குக் காற்று போகும் வழி

பிரபாவிடம் ரக்ஷா பேசி எத்தனையோ மாதம் ஆயிற்று. தம்பி பெண்டாட்டி பேசாவிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாதுதான். ஆனால் லிங்கராஜபுரத்தில் அவர்கள் இருப்பது ஒரே சந்து, எதிரெதிர் வாசல். தண்ணீர் பிடிக்கிற இடத்திலும் பால் கடையிலும் அந்த மூஞ்சியைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பார்த்தால் ரக்ஷா தலையைத் திருப்பிக்கொள்வாள். பேச ஆள் இல்லாவிட்டால் கையிலிருக்கும் ஸ்பானரோடாவது பேசுகிறவள் பிரபா. அவளுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லாம் ஒரு பெட்ரோல் டேங்கால் வந்த வினை. தம்பி யுவன் மண் டிராக்கில் பைக் ரேஸ் ஓட்டுகிறவன். அக்காவும் தம்பியுமாக நடத்துகிற ஒர்க்‌ஷாப்பில் டேங்க் வேலை முழுக்கப் பிரபாவுடையது. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியின் டேங்கை வெட்டி, ஒல்லியாக்கி, வெல்டிங் வைத்து, ரேஸுக்குத் தோதாகப் புதுசாகவே பண்ணியிருந்தாள். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வேண்டுமே, அதற்காக மூடியில் ஒரு பித்தளைக் குழல் வைத்து ப்ரீதர் பைப்பும் சொருகியிருந்தாள். பைப்புக்கு நடுவில் ஒரு வால்வு போடச் சொன்னான் சுனில், எஞ்சின் வேலை பார்க்கிறவன். "மண்ணு ரேஸுக்கு அதெல்லாம் எதுக்குடா, பந்தாவா?" என்று இவள்தான் சிரித்துத் தள்ளினாள். போன ரேஸில் யுவன் விழுந்தான். சாய்ந்து கிடந்த வண்டியிலிருந்து அந்தப் பைப் வழியாகப் பெட்ரோல் ஒழுகி, சூடான சைலன்ஸரில் பட்டு, குப்பென்று பிடித்துக்கொண்டது. தொடை வெந்துபோனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ரக்ஷா அவளிடம் கடைசியாகப் பேசியது இதுதான்:

"இன்னொரு வாட்டி அவரு மேல ஒரு சொட்டு பெட்ரோல் பட்டுது, நான் கே.ஜி.எஃப்.ல எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன். உங்க தம்பிய நீங்களே வெச்சுக்கங்க."

சொன்னால் செய்கிறவள். பிரபாவுக்கு அது நன்றாகவே தெரியும்.

அந்தத் தீக்குப் பிறகு இன்றைக்குத்தான் முதல் ரேஸ். பாகலூர் போகிற வழியில், மூடிப்போன குவாரியை ஒட்டிய செம்மண் பொட்டல். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அடுத்தடுத்து இரண்டு ரேஸ். இந்தத் தடவை பைப்பில் வால்வு இருந்தது. அதற்குள்ளே ஒரு சின்ன இரும்புக் குண்டு. வண்டி நிமிர்ந்து நின்றால் குண்டு ஒதுங்கிக் காற்றுக்கு வழிவிடும். சாய்ந்தால் உருண்டு வந்து வழியை அடைத்துக்கொள்ளும். பைப்பின் நுனி சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டிலுக்குள் இறங்கியது. ஒர்க்‌ஷாப் தரையில் அந்த டேங்கைச் சாய்த்தும் கவிழ்த்தும் பார்த்துப் பார்த்துப் பிரபாவுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. காலையில் செக்கிங்கில் பாஸ் ஆனது. பிராக்டிஸில் வண்டி பிய்த்துக்கொண்டு ஓடியது.

யாரும் எதிர்பார்க்காத விஷயம், ரக்ஷாவும் வந்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் புளியோதரைப் பொட்டலத்தோடு நிழல் தேடிப் போனபோது, "நான் வண்டியப் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்று யுவனிடம் சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பயம் தெளிந்துவிட்டது போல என்று பிரபாவுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

முதல் ரேஸ் கிளம்பியது. யுவன் முன்னால் போகிற கும்பலில் நல்ல இடத்தில் இருந்தான். கயிறு கட்டிய ஓரத்தில் நின்று பிரபா கண்ணால் பார்ப்பதைவிடக் காதால்தான் அதிகம் பார்த்தாள். ஆரம்பத்தில் சத்தம் கல்லு மாதிரி இருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் மெலிந்து, கீச்சென்று உயர ஆரம்பித்தது. பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் போடும் கூச்சல் அது.

"சுனிலு, கேட்டியா?"

"கேட்டுது. ஐயோ, ஜம்ப்புக்கு வர்றான்கா."

வண்டி மேட்டில் ஏறி எகிறுகிற நேரத்தில் எஞ்சின் இருமி நின்றது. முன்சக்கரம் தலைகுப்புறத் தொங்கியது. யுவன் உடம்பைப் பின்னால் தள்ளி எப்படியோ கோணலாக இறங்கினான். பின்னாலேயே எகிறி வந்தவனின் சக்கரம் அவன் தோளுக்குப் பக்கத்தில் மண்ணை அள்ளி வீசிவிட்டுப் போனது. இன்னும் ஒரு முழம் இந்தப் பக்கம் வந்திருந்தால் முதுகில் இறங்கியிருக்கும். சற்றுத் தள்ளி ரக்ஷா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

யுவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றியவுடன், "ஜம்ப்புல செத்துப்போச்சுக்கா, சுத்தமா செத்துப்போச்சு" என்றான். சுனில் கிக்கரை மிதித்தான். வண்டி ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகி நின்றது.

"இன்னா பேஜாரு இது? கார்ப்ரேட்டரத் தொறக்கறேன்."

"ஒண்ணும் தொறக்காத. ஆஃப் பண்ணு" என்றாள் பிரபா.

டேங்க் மூடியை மெல்லத் திருகினாள். ஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே பாய்ந்தது. டேங்க் மூச்சுத் திணறியிருக்கிறது. பெட்ரோல் கீழே இறங்க, மேலே காற்று வராமல் உள்ளே எல்லாம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவளுடைய வேலை. அவள் கையால் போட்ட பைப்.

"அந்த வால்வுதான். குண்டு மாட்டிக்கிச்சு. புடுங்கி எறிஞ்சுட்டு வெறும் பைப்ப வுடுக்கா" என்றான் சுனில்.

"போடச் சொன்னவனும் நீ, புடுங்கச் சொல்றவனும் நீ. நாக்கா, இல்ல வேற எதுனாவா அது?"

இரண்டாவது ரேஸுக்குத் தயாராகச் சொல்லி மைக்கில் கன்னடத்தில் கத்தினார்கள். எரடனே ரேஸ், எல்லாரு ரெடியாகி! யுவன் நிழலில் உட்கார்ந்து தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டிருந்தான். சுனில் பிளக்கை மாற்ற ஸ்பானர் தேடி வேனுக்கு ஓடினான். பிரபா வால்வைக் கழற்றி வாயில் வைத்து ஊதினாள். காற்று தாராளமாகப் போனது. சாய்த்து ஊதினாள். அடைத்தது. வால்வு மேல் குற்றமில்லை. அதற்குக் கீழே இருந்த பைப்பை ஊதினாள். கன்னம் உப்பியதே தவிர ஒரு பொட்டுக் காற்றுப் போகவில்லை. பைப்பைக் கையால் தடவிக்கொண்டே சீட்டுக்கு அடியில் போனாள். விரலில் ஏதோ முடிச்சு தட்டுப்பட்டது.

குனிந்து பார்த்தாள். கறுப்புக் கயிறு. மாரியம்மன் கோயிலில் மந்திரித்துத் தருகிற கயிறு. நடுவில் ஒரு வேப்பிலைத் துணுக்கு. முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு, மெத்தென்ற அந்தப் பைப்பின் கழுத்தை நெரித்துக் கட்டியிருந்தது.

நிமிர்ந்தாள். எதிரில் ரக்ஷா. கண்ணைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரபாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பொட்டலே கிடுகிடுத்திருக்க வேண்டும். அடிப் பாவி, புருஷனைக் கொல்லப் பார்த்தாயே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஸ்பானரோடு திரும்பி வந்த சுனில், "கெடைச்சுதாக்கா?" என்று கேட்டான். யுவனும் எழுந்து வந்தான்.

பிரபா முடிச்சின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"பைப்பு மடிஞ்சிருக்குடா. நான்தான் சரியா மாட்டல. என் தப்புதான்."

சுனில் முகத்தைச் சுளித்தான். "இன்னாக்கா நீ, சின்னப் புள்ள வேலையா கீது. ஆளே போயிருப்பான்." யுவன் அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஹெல்மெட்டைத் துடைக்கப் போனான். அந்தப் பார்வை பிரபாவுக்கு வலித்தது. ரொம்பவே வலித்தது. சுனிலைக் கையசைத்து அனுப்பினாள்.

ரக்ஷா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தவள் கிசுகிசுத்தாள்.

"அவுக்காதீங்க அண்ணி."

"அவுக்காம? இப்பப் பாத்தல்ல, தலகீழா தொங்குனத?"

"அது இதனாலயா?" ரக்ஷாவின் உதடு வெளுத்தது. "அன்னிக்கு இந்த வழியாத்தானே ஒழுவுச்சு? தீ இங்கேர்ந்துதானே வந்துச்சு? அதான் இங்கயே கட்டுனேன். ஒரு சொட்டு வரக் கூடாதுன்னு இறுக்கிக் கட்டுனேன்."

பிரபா அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டினாள். "அத வாய்ல வெச்சு உறிஞ்சு. வாய எடுக்காம உறிஞ்சு."

ரக்ஷா உறிஞ்சினாள். கொஞ்சம் தண்ணீர் வந்தது. பிறகு பாட்டில் நொறுநொறுவென்று ஒடுங்கியது. தண்ணீர் நின்றுபோனது. அவள் வாயை எடுத்தாள். பாட்டில் மடக்கென்று காற்றை இழுத்துக்கொண்டு பழையபடி உப்பியது.

"புரியுதா? உள்ள காத்து போனாத்தான் பெட்ரோல் எறங்கும். நீ கட்டுனது அதோட மூக்க."

ரக்ஷா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி. ஆனா சாஞ்சா?"

"சாஞ்சா குண்டு வந்து அடைச்சுக்கும்."

"அடைக்கலேன்னா?"

ஒர்க்‌ஷாப் தரையில் நூறு தடவை அடைத்திருக்கிறது. ஆனால் அது சும்மா நிற்கிற டேங்க். கொதிக்கிற எஞ்சினோடு, வேகத்தில் புரண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று பிரபா எங்கே பார்த்தாள்? "அடைக்கும்டி" என்றாள். குரல் அவளுக்கே நம்பிக்கையாகக் கேட்கவில்லை. "அவன் என் தம்பிடி. எனக்கு மட்டும் அக்கறை இல்லியா?"

"போன வாட்டியும் உங்க தம்பிதான் அண்ணி."

சுருக்கென்று தைத்தது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மைக் மறுபடியும் கத்தியது. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

"நான் இத அறுக்க மாட்டேன்" என்றாள் பிரபா. "நீ கட்டுன கயிறு. அவுக்கறதுன்னா நீயே அவு. வேணாம்னா சொல்லு, இப்பவே போயி அவன் பேர அடிச்சிட்டு வர்றேன். வண்டியில கோளாறுன்னு சொல்லிடறேன். உன் பேரு வராது. ஆனா கயித்தோட மட்டும் வண்டி போவாது."

தூரத்தில் யுவன் கையுறையை மாட்டிக்கொண்டு, வண்டி எப்போது வரும் என்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். ரக்ஷா குனிந்து முடிச்சை நகத்தால் நெம்பினாள். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. கயிறு கையோடு வந்ததும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கைய நீட்டுங்க" என்றாள்.

பிரபா நீட்டினாள். ரக்ஷா அந்தக் கயிற்றை அவளுடைய மணிக்கட்டில் சுற்றி இறுக்கிக் கட்டினாள். "டேங்கு பண்ணது இந்தக் கைதானே" என்றாள்.

பிரபா பைப்பின் நசுங்கிய இடத்தை வெட்டி எறிந்து, மிச்சத்தை மாட்டி, ஊதிப் பார்த்து, வண்டியை அனுப்பினாள்.

இரண்டாவது ரேஸில் எஞ்சின் சத்தம் கடைசி வரை மெலியவில்லை. ஜம்ப்புக்கு ஜம்ப் கல்லு மாதிரி நின்றது. ஆனால் விழுகிறவன் ஜம்ப்பில்தான் விழ வேண்டும் என்று இல்லையே. முடிகிற சமயத்தில், இவர்கள் நின்ற இடத்துக்கு நேர் எதிர் வளைவில், முன்னால் போனவனின் பின்சக்கரம் தட்டி யுவன் சரிந்தான். வண்டி பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே வந்து, ஓரத்தில் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் புகுந்து, அவன் காலின் மேல் படுத்தது. அதே கால். சைலன்ஸர் மண்ணில் புகைந்தது.

பிரபா நின்ற இடத்திலேயே நின்றாள். மாரியம்மா, அடைக்கணும், அடைச்சுடணும் என்று மனசு மட்டும் அடித்துக்கொண்டது. ரக்ஷா ஓடினாள். கொடி பிடித்தவர் விசில் ஊதி, "ஏய், பேடம்மா, ஹோகு!" என்று அவளைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். அவள் காதில் எதுவும் விழவில்லை. சாய்ந்து கிடந்த வண்டியருகே மண்டியிட்டு, டேங்க் அடியில் கையை விட்டாள். பைப்பைத் தடவினாள். யுவனின் பேன்ட்டைத் தடவினாள். உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"தள்ளுடி, டைம் போவுது!" என்று யுவன் கத்தினான். காலை உருவிக்கொண்டு எழுந்து, வண்டியை நிமிர்த்தி, மிதித்தான். இரண்டாவது மிதியில் ஸ்டார்ட் ஆனது. செம்மண்ணை அவள் முகத்தில் வாரி இறைத்துவிட்டுப் போயே போய்விட்டான்.

தலையெல்லாம் மண்ணோடு ரக்ஷா திரும்பி வந்தாள். பிரபா இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். ரக்ஷா உள்ளங்கையை விரித்து அவள் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாருங்க அண்ணி. நாத்தமே இல்ல. மண்ணு வாசனதான்."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிரபா அந்தக் கையைப் பிடிக்கப் போனாள், பிடிக்க முடியவில்லை. பிரபாவின் விரலெல்லாம் வீங்கி மரத்துப் போயிருந்தது. அப்போதுதான் இருவரும் பார்த்தார்கள். கறுப்புக் கயிறு மணிக்கட்டில் பதிந்து, சுற்றிலும் தோல் கன்றிச் சிவந்திருந்தது. இவ்வளவு நேரம் அவளுக்கு வலியே தெரியவில்லை.

"ஐயோ, இறுக்கிட்டேனா? அவுத்துடவா?"

"அவுக்காத, இருக்கட்டும்" என்றாள் பிரபா. "கொஞ்சம் லூஸ் மட்டும் பண்ணு."

ரக்ஷா மூக்கை உறிஞ்சிக்கொண்டே குனிந்து முடிச்சைத் தளர்த்த ஆரம்பித்தாள்.