தாலிகட்டுப் படம்

மூன்றாவது தடவையும் கணினி பொசுக்கென்று அணைந்தபோது தயாளினி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

கோப்பாய்க் கல்யாண மண்டபத்தில், மணமகள் அறைக்கு அடுத்திருந்த சின்ன அறை அது. முகூர்த்தம் காலையில் முடிந்துவிட்டது. மாலை ஆறரைக்கு அங்கேயே வரவேற்பு. காலையில் எடுத்த தாலிகட்டை அன்று மாலையே வெட்டித் தொகுத்துப் பெரிய திரையில் காட்டுவதாக அவளுடைய தமையன் சிவகரன் ஒப்புக்கொண்டிருந்தான். இணுவிலில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்தும் ஸ்டூடியோவுக்கு இப்படியொரு வேலை வந்தது இதுதான் முதல் தடவை. அவன் படம் பிடிப்பான், அவள் தொகுப்பாள்.

இதற்காகவே போன கிழமை அவன் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய், கணினியில் படம் வேகமாக ஓடுவதற்கான கிராபிக்ஸ் காட் அட்டைகளில், கடையிலிருந்ததிலேயே பெரியதை வாங்கி வந்திருந்தான். கூடவே எடிட்டிங் சொஃப்ட்வெயரின் புதிய பதிப்பு. "இனிக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம்" என்று பெருமையாகச் சொன்னான்.

"மண்டபத்துக் கரண்ட் சரியில்லை. வோல்டேஜ் கூடிக் குறையுது" என்றான் இப்போது.

தயாளினி நிமிர்ந்து பார்த்தாள். மேலே மின்விசிறி சீராகச் சுற்றியது. யூபிஎஸ்ஸின் பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது. மணப்பெண் சாருஜா கூறைச் சேலையோடு எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, படம் வந்திடுமே?"

"வரும்."

"அம்மா தாலி கட்டினதைப் பாக்கேல்லை அக்கா. அப்பா போனபிறகு தான் முன்னுக்கு நிக்கக்கூடாது எண்டு பின்பக்கமாவே நிண்டிட்டா. எவ்வளவு கூப்பிட்டும் வரேல்லை. பின்னேரம் எண்டாலும் அவ பாக்கவேணும்."

அவள் போனபிறகு தயாளினி கணினியை மறுபடி போட்டாள். சும்மா விட்டால் அணையவில்லை. வெட்டினாலும் அணையவில்லை. காட்சியை ஓடவிட்டதும், புதுக் காட்டின் விசிறிகள் இரைந்து எழ, திரை கறுத்துப்போனது. அவளுக்கு விளங்கிவிட்டது.

"அண்ணை, பவர் சப்ளையும் மாத்தினீங்களோ எண்டு அண்டைக்குக் கேட்டனான். ஓம் எண்டனீங்கள்."

சிவகரன் கதவைப் பார்த்தான்.

"அண்ணை!"

"பழசே காணும் எண்டு கடைக்காரன் சொன்னவன். நீ ஏசுவாய் எண்டு... ஓம் எண்டிட்டன்."

ஏசினால் நேரம்தான் போகும். வந்த வார்த்தையை அவள் விழுங்கினாள். இந்தக் காட் இழுக்கும் மின்சாரத்தைக் கணினிக்குள் இருக்கும் பழைய பவர் சப்ளையால் கொடுக்க முடியாது. புதிய பதிப்போ எல்லா வேலையையும் காட்டின் தலையிலேயே போடுகிறது. அவன் அழிக்கச் சொல்லியும் அவள் அழிக்காமல் வைத்திருந்த பழைய பதிப்புக்குக் காட் தேவையில்லை. ஆனால் புதிதில் செய்த வேலையைப் பழையது திறக்காது. மத்தியானத்திலிருந்து வெட்டியதெல்லாம் போய்விடும்.

"காட்டைக் கழட்டுங்கோ."

"என்ன?"

"கழட்டுங்கோ. பழைய பதிப்பிலை முதல்லையிருந்து தொடங்கப்போறன். படங்களைச் சின்னதா மாத்திப்போட்டு வெட்டுறன்."

"மாப்பிள்ளை வீட்டாருக்கு ஃபோர் கே தெளிவிலை தாறம் எண்டு சொல்லிப்போட்டன் பிள்ளை!"

"இஞ்சத்தை புரொஜெக்டர் அதைக் காட்டாது. அதின்ரை அளவுக்குச் செய்தாக் காணும். பெரிசைப் பிறகு செய்து குடுப்பம்."

அவன் ஆணியைக் கழற்றினான். ஆசையாக வாங்கிய காட்டை எடுத்துத் துவாயில் சுற்றி மேசையில் வைத்தான்.

அவள் முழுவதையும் சிறிய பிரதிகளாக மாற்றவில்லை. தாலிகட்டு, அம்மி மிதித்தல், அறுகரிசி போட்டு வாழ்த்துதல், அவ்வளவுதான். ட்ரோனில் எடுத்த கோயில் கோபுரம், மாப்பிள்ளை ஊர்வலம் எல்லாவற்றையும் விட்டாள். பிரதிகள் ஆகும்வரை சும்மா இருப்பதுதான் பெரும் வேதனையாக இருந்தது. பிறகு நிமிராமல் வெட்டினாள்.

வெளியே ஆட்கள் கூடும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் தமையன் றஜிந்தன் கதவைத் தட்டினான்.

"தம்பி, எல்லாரும் இருந்திட்டினம். போடலாமே?"

"முதல்லை கேக்கை வெட்டச் சொல்லுங்கோ அண்ணை" என்று சொல்லி, சிவகரன் கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

படம் தயாராவதைக் காட்டும் பட்டை திரையில் நத்தைபோல ஊர்ந்தது. பாதியில் மின்விசிறி ஒருதரம் மெதுவாகி மறுபடி சுற்றியது. இருவரும் யூபிஎஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள். கணினி அணையவில்லை. முடிந்ததும் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு சிவகரன் ஓடினான்.

எட்டு நிமிடம் என்று பேசிய படம் நாலு நிமிடம்கூட வரவில்லை. மண்டபம் இருட்டாகி, திரையில் கெட்டிமேளம் முழங்கியது. கடைசித் தூணோடு நின்றிருந்த சாருஜாவின் தாய் பராசக்தி, தன்னை மறந்தவர்போல நடுவழியால் திரைவரை நடந்து வந்தார். மகளின் கழுத்தில் தாலி ஏறியபோது கையெடுத்துக் கும்பிட்டார். வெளிச்சம் வந்ததும் சுற்றிப் பார்த்து, கூச்சத்தோடு கேட்டார்:

"தம்பி, இன்னொருக்காப் போடுவீங்களே?"

சிவகரன் மறுபடி போட்டான்.

றஜிந்தன் முகம் சுளித்தபடி வந்தான். "எங்கடை ஊர்வலம் ஒண்டும் இல்லையே?"

"நான் பிழையாச் சாமான் வாங்கிப்போட்டன் அண்ணை. தங்கச்சியாலைதான் இவ்வளவெண்டாலும் வந்தது. முழுசும் ரெண்டு கிழமையிலை தருவம்."

தயாளினிக்கு அது கேட்டது. அறைக்குத் திரும்பி வயர்களைச் சுற்றினாள். சிவகரன் அவளுக்கு ஒரு தட்டில் சோறு போட்டு வந்து வைத்தான். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை.

"நாளைக்கு டவுனுக்குப் போய்ப் பவர் சப்ளை வாங்கியாறன்" என்றான்.

"தனியப் போகவேண்டாம். நானும் வாறன்."

"ஓம்" என்றான் அவன். "நீயே பாத்து எடு."

அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள்.