முக்கால்வாசி சும்மா

என் வேலை என்ன என்று மாமியாருக்கு விளக்கும் முயற்சியை நான் எப்போதோ கைவிட்டுவிட்டேன். ஒரு கம்ப்யூட்டர் நிரலுக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று என நிறைய ஃபங்ஷன்கள் இருக்கும், எந்த ஃபங்ஷனில் எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்து சொல்லும் கருவியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "யார் வீட்டு ஃபங்ஷன்?" என்று கேட்டார்.

அந்தக் கருவிக்குப் பெயர் ப்ரொஃபைலர். எங்கள் நிறுவனம் பேருந்து டிக்கெட் பதிவு செய்யும் நிரலை விற்கிறது. அது இழுத்தடிக்கும்போது, எங்கே இழுக்கிறது என்று பார்க்க என் கருவியை ஓட்டுவார்கள். அதுவும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடும். ஆயிரக்கணக்கான வரிகளில் சொல்லும். ஆங்கில எழுத்தில் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கிடக்கும் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஐந்தாறு எண்கள். பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ரொம்ப விவரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். யாருக்கும் புரியாத ஒன்றில் யார் குறை கண்டுபிடிப்பார்கள்? அந்தத் தைரியத்தில் நிம்மதியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் எங்கள் மேலாளர். அலுவலகத்தில் அவருக்குச் சுருக்கம் என்று பெயர். யார் எதைச் சொன்னாலும், "சுருக்கமா சொல்லு" என்பார். நெற்றியிலும் இரண்டு உண்டு.

"என்னய்யா இது, எறும்பு மையில விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருக்கு?" என்றார் என் திரையைப் பார்த்து. "முதலாளியம்மா முன்னாடி காட்டணும். டிக்கெட் பதிவு ஏன் இவ்ளோ லேட்டாகுதுன்னு கேக்கறாங்க. அந்த டீம்ல ஒருத்தரைக் குறைக்கணும்னும் சொல்றாங்க. யாரால லேட்டாகுதுன்னு பார்த்தவுடனே தெரியற மாதிரி பண்ணிக் குடு."

"யாரால இல்ல சார், எதனால."

"சுருக்கமா சொன்னா ரெண்டும் ஒண்ணுதான்."

டிக்கெட் டீமில் என் மனைவியின் தம்பியும் இருந்தான். தற்காலிக வேலைதான், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. நான்தான் சேர்த்துவிட்டேன். அதற்கு முன்னால் நீண்ட காலம் எங்கள் வீட்டு ஹால் சோபாவில் படுத்திருந்தான். சோபா குட்டை, அவன் நெட்டை. காலையில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் அவன் பாதங்களில் இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். வேலை கிடைத்த பிறகு தனியாக ஒரு அறை எடுத்து, கட்டில் வாங்கிப் போட்டான். அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் சொந்தக் கட்டில். எங்களைக் கூப்பிட்டு, அதில் உட்கார வைத்து காபி கொடுத்தான். "கால் நீட்டிப் பாருங்க மாமா, எவ்ளோ இடம்!" என்றான். நானும் நீட்டிக் காட்டினேன். அந்தக் கட்டில் அங்கேயே இருக்க வேண்டுமென்றால் அவன் பெயர் குறைக்கும் பட்டியலில் வரக்கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

நானோ என் புத்திசாலித்தனத்தில் மூழ்கியிருந்தேன். எண்களை எல்லாம் தூக்கிவிட்டுப் பட்டைகள் வரைந்தேன். நேரம் எவ்வளவு போகிறதோ அவ்வளவு நீளம். நீளம் கூடக் கூடச் சிவப்பு. அதோடு விட்டிருக்கலாம். எங்கள் அலுவலகத்தில் பாதி ஃபங்ஷன்களின் பெயர் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்தான். அவசரத்தில் வைத்தவை, கோபத்தில் வைத்தவை. அவற்றை எல்லாம் தமிழ் எழுத்துக்கு மாற்றிக் காட்டும்படியும் செய்தேன். "இனி போதும்" என்ற ஃபங்ஷனை முதலில் "இனிப்பு ஓதும்" என்று பிரித்தது. திருத்தினேன். சுருக்கத்துக்குக் காட்டியபோது அவர் அசந்துபோய், அப்போதே முதலாளியம்மாவுக்குப் போன் போட்டு, "எல்லாம் தமிழ்லயே வருதும்மா, நான்தான் இப்படி செய்யச் சொன்னேன்" என்றார்.

மறுநாள் டிக்கெட் நிரலை முழுதாக ஓட்டிப் பார்த்தேன். திரையின் இந்த ஓரத்திலிருந்து கிட்டத்தட்ட அந்த ஓரம் வரை ஒரே ஒரு ரத்தச் சிவப்புப் பட்டை. அதன்மேல் பெரிய எழுத்தில்: சும்மா.

மைத்துனனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தான்.

"மாமா, இது நம்ம சும்மாவா?"

"நம்ம இல்ல மாப்ள. உன்னோடது."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் காபி மெஷின் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை நாளும் ஆங்கில எழுத்தில் அதைப் பார்த்தவர்கள் 'சம்' என்று படித்து, ஏதோ கூட்டல் கணக்கு என்றே நினைத்திருந்தார்கள். "அந்த சம்மா நல்லா கணக்குப் போடுது" என்று சுருக்கமே ஒரு கூட்டத்தில் பாராட்டியிருக்கிறார்.

சிரித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் முதலாளியம்மாவின் கூட்டம் ஞாபகம் வந்தது.

அந்தச் சும்மாவுக்கு ஒரு கதை உண்டு. பயணி பணம் கட்டியதும் எங்கள் நிரல் வங்கியிடம் கேட்க வேண்டும். முன்பு அந்த வேலையைச் செய்த ஃபங்ஷனின் பெயர் ஆச்சா. அது கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒருமுறை, "ஆச்சா? ஆச்சா?" என்று வங்கியை நச்சரித்துக்கொண்டே இருக்கும். தொல்லை தாங்காமல் வங்கி அடிக்கடி இணைப்பைத் துண்டித்து எங்கள் முகத்தில் கதவைச் சாத்திவிடும். மைத்துனன் அதைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினான். ஒரே ஒருமுறை கேட்கும். பிறகு பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் காத்திருக்கும். வங்கி அதற்குப் பிறகு ஒருநாளும் கதவைச் சாத்தவில்லை. ஆனால் பதில் சொல்ல வங்கி ஆடி அசைந்துதான் வரும். அந்த நேரமெல்லாம் சும்மாவின் கணக்கில் ஏறியது.

"பேரை மாத்திடுடா," என்றேன்.

"புரோகிராமை நேத்தே பூட்டிட்டாங்க மாமா. மீட்டிங் முடியற வரைக்கும் ஒரு எழுத்தைத் தொட முடியாது. நீங்க தமிழ் எழுத்தை எடுத்துடுங்களேன்."

"எப்படிடா எடுக்கறது? முதலாளியம்மாகிட்ட சுருக்கம் தம்பட்டம் அடிச்சாச்சே."

அன்று முழுவதும் உட்கார்ந்து ஒரு வழி செய்தேன். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு பட்டை வைத்தேன். ஒன்று போன நேரம், இன்னொன்று உழைத்த நேரம். சும்மாவுக்கு இரண்டாவது பட்டை ஒரு மயிரிழைதான். காத்திருந்த நேரத்துக்குச் சிவப்பை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறம் கொடுத்தேன். இதற்கு மேல் நியாயமான படம் உலகத்திலேயே இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு சுருக்கத்திடம் எடுத்துப்போனேன்.

"ரெண்டு பட்டை எதுக்கு?"

"சார், நீங்க ஆஸ்பத்திரில டாக்டருக்காக உக்காந்திருக்கீங்கன்னு வைங்க. நேரம் போகுது. ஆனா நீங்க ஒண்ணும் செய்யல. லேட்டு உங்களால இல்ல."

"நான் ஏன்யா ஆஸ்பத்திரிக்குப் போறேன்?"

"ஒரு பேச்சுக்கு சார்."

"நல்ல பேச்சா பேசு. இப்ப எனக்குத் தலை சுத்துது."

"அதுக்குத்தான் சார் ஆஸ்பத்திரி..."

அவர் சிரிக்கவில்லை. "ஒரு பட்டை போதும். எது பெருசோ அதை வை. அப்புறம் இந்தச் சாம்பல் வேண்டாம், புரொஜெக்டர்ல தெரியாது."

"சார், அதைச் சிவப்பா காட்டினா தப்பா புரிஞ்சுக்குவாங்க."

"புரியாம இருக்கறதுக்கு, தப்பா புரியறது எவ்வளவோ மேல்," என்றார். நகைச்சுவையாகச் சொன்னார் என்று நினைத்துத் தலையைத் தூக்கினேன். அவர் அடுத்த வேலையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, "ஒரு கலர் மாத்த முடியல உங்களால. இதுக்கா இத்தனை வருஷம் படிச்சீங்க?" என்றாள்.

"புரொஜெக்டர்ல தெரியாதாம்."

"என் தம்பி தெரிவானா?"

நானும் ஒரு துணியை எடுத்து மடித்தேன். அதையும் தப்பாக மடித்திருக்கிறேன் என்று பிடுங்கிக்கொண்டாள்.

கூட்டம் நடந்த அறையில் விளக்கை அணைத்திருந்தார்கள். திரை முழுக்க என் படம். முதலாளியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். என் கருவி சொன்னதை யாருடைய உதவியும் இல்லாமல் ஒருவர் படித்தது அதுதான் முதல்முறை. எனக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. மனித மனம் அவ்வளவு மட்டமானது.

"தேடு... கொஞ்சம். இருக்கை... கொஞ்சம். சும்மா..." கண்ணாடியைச் சரிசெய்தார். "என்ன, நம்ம புரோகிராம் முக்கால்வாசி நேரம் சும்மா இருக்கா?"

நான் எழுந்தேன். வங்கியைப் பற்றிச் சொன்னேன். ஆச்சாவைப் பற்றிச் சொன்னேன். போன நேரம், உழைத்த நேரம் என்று கையை நீட்டியும் குறுக்கியும் காட்டினேன். ஆஸ்பத்திரிக்குக்கூடப் போய்விட்டு வந்தேன். நான் பேசப் பேச அந்த அறையில் இருந்தவர்களின் முகம் என் பழைய ஆயிரம் வரிகளைப் பார்ப்பதுபோல ஆகிக்கொண்டே வந்தது.

"எதுக்குப்பா இவ்வளவு கஷ்டப்படறே?" என்றார் முதலாளியம்மா, பரிவாகவே. "படம்தான் இவ்ளோ தெளிவா இருக்கே. இதை யாரு எழுதினது?"

கடைசி வரிசையில் மைத்துனன் எழுந்து நின்றான். "நான்தாங்க."

"ஏன் இப்படி ஒரு பேரு?"

அவன் எத்தனையோ சொல்லியிருக்கலாம். நச்சரிக்காமல் அமைதியாக இருக்கும், அதனால் வைத்தேன் என்று ஒரு வாக்கியம் போதும். வாயில் அது வரவில்லை.

"சும்மாதாங்க வெச்சேன்," என்றான்.

அறையே சிரித்தது. முதலாளியம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சுருக்கத்தின் பக்கம் திரும்பித் தலையை லேசாக அசைத்தார். என் வேலையிலேயே இவ்வளவு சுருக்கமான அறிக்கையை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. மைத்துனனோடு சேர்த்துச் சும்மாவையும் தூக்கிவிட்டுப் பழைய ஆச்சாவை மறுபடி கொண்டுவந்தார்கள். வங்கி கதவைச் சாத்தியது. டிக்கெட்டுகள் உடனுக்குடன், மின்னல் வேகத்தில், கிடைக்காமல் போயின. மறுக்க நேரம் ஆகாதே. என் படத்தில் எல்லாப் பட்டைகளும் குட்டைகுட்டையாகப் பச்சைப்பசேல் என்று நின்றன. சுருக்கம் வந்து முதுகில் தட்டினார். "எளிதில் புரியும் கருவி" என்று அச்சடித்த ஒரு காபிக் கோப்பையும் கொடுத்தார்கள்.

பயணிகள் கத்த ஆரம்பித்ததும் டிக்கெட் டீமில் வேறு ஒருவர் பழைய கோப்பிலிருந்து சும்மாவை அப்படியே எடுத்து ஒட்டினார். நிரலுக்கு நடுவே எழுதிய குறிப்பில் மைத்துனன் விட்டிருந்த எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. பெயரை மட்டும் மாற்றியிருந்தார்: வங்கி ஒருங்கிணைப்பு மேலாண்மை. படத்தில் அதே பட்டை, அதே நீளம், அதே சிவப்பு.

"ஒருங்கிணைப்புன்னா நேரம் ஆகத்தான் செய்யும்," என்றார் சுருக்கம் மரியாதையோடு.

"சார், இது அவன் எழுதினதுதான். அப்படின்னா அவனைத் திரும்ப..."

"அந்த இடமே இல்லையேப்பா இப்ப," என்றார். உண்மையாகவே வருத்தமாகத்தான் சொன்னார். அதனால் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

மைத்துனன் அறையைக் காலி செய்துவிட்டு வந்தான். கட்டிலைக் கழற்றி, பலகைகளை எங்கள் ஹால் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறோம். அந்தக் கதவு இப்போது முழுதாகத் திறப்பதில்லை. நான் ஒருபக்கமாகத் திரும்பித்தான் வீட்டுக்குள் நுழைகிறேன். சோபா பழைய சோபாதான். கால்கள் பழையபடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

நேற்று ஒரு நேர்முகத்துக்குப் போய்விட்டு வந்தான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் மனைவி சமையலறை வாசலிலிருந்து, "ஆச்சாடா?" என்றாள்.

"பாக்கலாம்க்கா."

"என்ன கேட்டாங்க? என்ன சொன்னே? எப்ப சொல்றாங்களாம்? அவங்களுக்கு நீ போன் பண்ணிக் கேட்டியா? ஆச்சா இல்லையான்னு கேக்கறதுக்கு என்ன?"

"விடும்மா," என்றேன். "கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். முன்பெல்லாம் சிரிப்பான்.

"முன்ன என்ன எழுதினீங்கன்னு கேட்டாங்க மாமா," என்றான் ஷூ கயிற்றை அவிழ்த்தபடி. "சும்மான்னு சொன்னேன்."

"புதுப் பேரைச் சொல்லியிருக்கலாமேடா."

"அது நான் வெச்ச பேரு இல்லையே."

அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த கோப்பையில் அவனுக்கு காபி கொண்டுவந்து கொடுத்தாள் அக்கா. வீட்டில் சுத்தமாக இருந்தது அது ஒன்றுதான் போலும். எழுத்து அவன் பக்கம் தெரியாதபடி திருப்பிக் கொடுத்தாள். அவன் வாங்கிக் குடித்தான்.

"பதில் எப்ப வருமாம்?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"வரும்னு சொன்னாங்க. எப்பன்னு சொல்லல."

போனைக் கவிழ்த்துச் சோபாவின் கைப்பிடியில் வைத்தான். நான் உட்காருவதற்காகக் கால்களை மடக்கி இடம் விட்டான். உட்கார்ந்தேன். இடம் போதவில்லை, அவனுடைய முட்டி என் விலாவில் குத்தியது. நகரச் சொல்ல மனம் வரவில்லை. இருட்டும்வரை அப்படியே இருந்தோம். போனை அவன் ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.