மூன்றாவது பாட்டில்

பல்ஜோருக்கு வாய் நீளம், மூச்சு குட்டை. கணவாய் ஏறும்போது இரண்டில் ஒன்றைத்தான் அவரால் சமாளிக்க முடியும் என்பதால், ஏறி முடிக்கும்வரை அந்த மலை நிம்மதியாக இருந்தது. உச்சியில் கொடி கட்டிய கல்குவியலைக் கும்பிட்டுவிட்டு இறங்க ஆரம்பித்ததும் வாய் திறந்துகொண்டது. கூட ஆளில்லை. அதனால் என்ன, கோவேறு கழுதை இருக்கிறதே.

"ரெண்டு தடவ பாட்டிலத் திருப்பிட்டான் அந்தச் சுல்திம். எங்க வீட்டுக்குப் பொண்ணு குடுக்க யோசிக்கிறான்னா அவன் என்ன ராஜாவா? நீயே சொல்லு."

கழுதை காதை மட்டும் ஆட்டியது.

அந்தப் பக்கத்தில் பெண் கேட்டுப் போகிறவர் வெறுங்கையோடு வாயைத் திறக்கக் கூடாது. பார்லிச் சாராயம் ஒரு பாட்டில், அதன் கழுத்தில் ஒரு பொட்டு வெண்ணெய். பெண்ணின் அப்பா திறந்து குடித்தால் சம்மதம். திருப்பிக் கொடுத்தால் இல்லை. மூன்றாம் முறையும் திரும்பிவிட்டால் அத்தோடு சரி, பேச்சை மறுபடி எடுக்க முடியாது. பல்ஜோர் போவது மூன்றாம் முறை.

தங்கை மகன் ரிக்ஸினுக்காகத்தான் இத்தனை பாடு. அப்பா இல்லாத பிள்ளை, பல்ஜோர் தோளிலேயே வளர்ந்தவன். கோடைத் திருவிழாவில் துங்மார் கிராமத்துச் சுல்திமின் மகள் யாங்கித்தைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. "மாமா, இந்தத் தடவயாவது நம்ம தோட்டப் பெருமையப் பேசாதீங்க" என்று கெஞ்சித்தான் அனுப்பியிருந்தான். வானம் வேறு சாம்பல் பூசிக்கொண்டு நின்றது. பனி விழுந்து கணவாய் மூடினால் அடுத்த கோடைக்குத்தான் திறக்கும். அதற்குள் வேறு எவனாவது பாட்டிலோடு அந்த வீட்டு வாசலில் நிற்பான்.

சம்பந்தம் பேசப் போகிறவர் கௌரவமாகப் போக வேண்டாமா? அதற்காக நகரத்தில் வாங்கிய பளபளக்கும் தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார் மனிதர். ஊர் கண்ணுக்குத் தெரிந்த பிறகு, உறைந்து கிடந்த ஓடையில் கால் வைத்தார். அவ்வளவுதான். முழங்கால் ஒரு பாறையில், நெஞ்சு இன்னொரு பாறையில். கோட்டுக்குள் அணைத்து வைத்திருந்த பாட்டில் நொறுங்கியது.

அங்கேயே உட்கார்ந்து அழுதார். முழங்காலுக்காக அல்ல. ரிக்ஸினுக்கு எந்த முகத்தோடு பதில் சொல்வது? அந்தக் காலோடு திரும்பி ஏறவும் முடியாது. கழுதையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஊருக்குள் போனார்.

சுல்திம் வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், எதையும் மெல்லச் சொல்பவர். பல்ஜோரின் கையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், சாராய வாசனையை மோந்து பார்த்தார்.

"வர்ற வழியிலயே குடிச்சிட்டீங்களா?"

"விழுந்துட்டேன்." பாட்டில் இல்லாமல் அதற்குமேல் பேசக் கூடாது. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"இந்தக் கணவாயத் தாண்டி சும்மா யாரு வர்றா? சரி, உள்ள வாங்க."

அடுப்படியில் சுல்திமின் மனைவி அங்மோ வெண்ணெய்த் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். யாங்கித் முழங்காலைப் பார்த்தாள், பிறகு செருப்பைப் பார்த்தாள்.

"இதப் போட்டுக்கிட்டா கணவாய் ஏறினீங்க? அறிவு இருக்கா உங்களுக்கு?"

"ஏய், பெரியவங்ககிட்ட என்ன பேச்சு" என்றாள் அங்மோ. சுல்திமின் கிண்ணம் பாதி வழியில் நின்றுவிட்டது. அவர் மகளைப் பார்க்கவில்லை, பல்ஜோரைத்தான் பார்த்தார்.

தன் வீட்டில் ஒருவரும் எதிர்த்துப் பேசாத பல்ஜோர், "இல்லம்மா" என்றார்.

"கால நீட்டுங்க."

நீட்டினார். வெந்நீரில் துணியை நனைத்து அவள் துடைக்கத் துடைக்க, "வலிக்குதும்மா" என்றார்.

"பின்ன, இனிக்குமா? கோட்டக் கழட்டுங்க. பிழிஞ்சா இன்னொரு பாட்டில் தேறும்போல."

பல்ஜோருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமளவு. "எங்க வீட்ல இப்பிடிக் கேக்க ஆளில்லம்மா. இருந்திருந்தா இந்தச் செருப்ப நான் வாங்கியே இருக்க மாட்டேன்."

"கோவம் வரலியா?" என்று கேட்டார் சுல்திம்.

"எதுக்கு வரணும்? அவ சொன்னதுல என்ன தப்பு?"

சுல்திம் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ரெண்டு தடவ வந்தீங்க. தோட்டம், ஜீப், சிமெண்ட் வீடு. என்னை ஒரு வார்த்தை பேச விட்டீங்களா? இவளுக்கு வாய் ஜாஸ்தி. உங்க வீட்ல போய் இந்த வாய் அடங்கிப் போயிருமோன்னு எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் திருப்பினேன்."

பல்ஜோருக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. "பாட்டில் இல்லாம நான் இதுக்குப் பதில் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் செய்த மிகக் கஷ்டமான காரியம் அதுதான்.

"சொல்லாதீங்க. இப்பதான் உங்களப் பாக்க நல்லாயிருக்கு."

சுல்திம் எழுந்து உள்ளறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சாராய பாட்டில் இருந்தது. அதை மகள் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். யாங்கித் அதைப் பார்த்தாள். பிறகு வெண்ணெய்ச் சட்டியில் விரலை விட்டு, ஒரு பெரிய உருண்டையாக எடுத்து, பாட்டிலின் கழுத்தில் அழுத்தி ஒட்டினாள்.

சுல்திம் பாட்டிலைப் பல்ஜோர் கையில் கொடுத்தார். "வெளிய போங்க."

பல்ஜோர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "என்னது?"

"போய்ட்டு, இத எடுத்துக்கிட்டு, மொதல்லேர்ந்து வாங்க. மொறன்னு ஒண்ணு இருக்குல்ல. என் பூட்சப் போட்டுக்கிட்டுப் போங்க."

வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அப்பாடா என்று மூச்சு விட்டார். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரமெல்லாம் அந்த ஒரு மூச்சோடு போய்விட்டது. வானம் இன்னும் சாம்பலாகத்தான் இருந்தது. இனி அது எப்படி இருந்தால் என்ன? கழுதையின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கதவைத் தட்டினார்.

சுல்திம் திறந்தார், பல்ஜோரை முன்பின் பார்க்காதவர் மாதிரி.

"நான் ரிக்ஸினோட மாமா பல்ஜோர். உங்க பொண்ண எங்க வீட்டுக்குக் கேட்டு வந்திருக்கேன். எங்க தோட்டத்துல..."

"மாமா" என்றது அடுப்படியிலிருந்து ஒரு குரல்.

பல்ஜோர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு பாட்டிலை நீட்டினார். சுல்திம் அதை வாங்கி, நின்ற இடத்திலேயே மூடியைத் திருகித் திறந்தார்.