பத்து மார்க் நாடகம்

அந்த வகுப்பில் எல்லோரும் அவளை நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் படிப்பது நர்ஸிங் அல்ல, கணக்கியல். வேறு துறைப் பாடம் ஒன்று எடுத்தே தீர வேண்டும் என்று கல்லூரியில் கட்டாயப்படுத்தியதால், பரீட்சை சுலபம் என்று யாரோ சொன்னதை நம்பி உளவியல் அறிமுகம் எடுத்தாள். பரீட்சை சுலபம்தான். வகுப்புதான் மானத்தை வாங்கியது.

போன மாதம் நடந்த கதை அது. மேடம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு சீனியர் பையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பொத்தென்று விழுந்தான். வகுப்பே வாயைப் பிளந்து பார்த்தது. இவள் மட்டும் பெஞ்சைத் தாண்டி ஓடி, அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "யாராவது தண்ணி கொண்டு வாங்களேன், பாவிங்களா!" என்று அழுதேவிட்டாள். மடியில் கிடந்தவன் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினான். எல்லாம் மேடம் சொல்லிக்கொடுத்த நாடகம். கூட்டத்தில் ஒருவனுக்கு ஆபத்து வந்தால், வேறு யாராவது போவார்கள் என்று ஒவ்வொருவரும் உட்கார்ந்துவிடுவார்கள் என்பதைக் காட்டத்தான் அந்த ஏற்பாடாம்.

மேடம் அவளைப் பாராட்டத்தான் செய்தார். சரியான பதில் சொல்கிறவர்களுக்குக் கொடுக்க மேசைமேல் ஒரு மிட்டாய் டப்பா எப்போதும் இருக்கும். அதிலிருந்து ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். ஆனால் பாராட்டு யார் காதில் விழுந்தது? "பாவிங்களா"தான் விழுந்தது. அதுவும் அவளுடைய மாமா பையன் நெட்டை அதே வகுப்பில், கடைசி பெஞ்சில். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் விடுவானா? அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்து நடித்துக் காட்டினான். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாகூட செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார். இனி அந்த வகுப்பில் கூரையே இடிந்து விழுந்தாலும் எழுந்திருப்பதில்லை என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

போதாக்குறைக்கு மேடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "இந்த செமஸ்டர்ல இன்னொரு நாடகம் இருக்கு. எப்போன்னு சொல்ல மாட்டேன். பதறாம, பார்க்கிறதை அப்படியே எழுதி வைக்கிறவங்களுக்குப் பத்து மார்க்." அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு குடை விழுந்தால்கூட எல்லோரும் பேனாவைத் திறந்தார்கள்.

இன்று மேடம் தாமதமாகத்தான் வந்தார். மீட்டிங் இழுத்துவிட்டது, சாப்பிடக்கூட நேரமில்லை என்று சொல்லிக்கொண்டே பாடத்தைத் தொடங்கினார். நினைவாற்றல் பற்றிய பாடம். கேள்வி கேட்டார், முதல் பெஞ்ச் பெண் டக்கென்று பதில் சொன்னாள், டப்பாவில் கடைசியாக இருந்த மிட்டாய் அவளுக்குப் போனது. பிறகு மேடம் போர்டில் எழுதத் திரும்பினார். முதல் வரி நேராக இருந்தது. இரண்டாவது வரி கோணலாகக் கீழே இறங்கியது.

"ஞாபகம்ங்கிறது..." என்றார். நிறுத்தினார். "ஞாபகம்ங்கிறது..." என்று மறுபடியும் தொடங்கினார். திடீரென்று முதல் பெஞ்சைப் பார்த்து, "எதுக்கு அப்படி முழிக்கிறே?" என்று எரிந்து விழுந்தார். மேடம் யாரையும் கோபித்து யாரும் பார்த்ததில்லை.

"ஆரம்பிச்சாச்சுடா," என்று யாரோ கிசுகிசுத்தார்கள். பேனாக்கள் திறந்தன. அவளும் திறந்தாள். மேடம் ஒரே வார்த்தையைத் திரும்பச் சொல்கிறார், காரணமில்லாமல் கோபப்படுகிறார் என்று இரண்டு வரி எழுதினாள். பக்கத்தில் இருந்த தோழி, "எவ்ளோ நல்லா பண்றாங்க பாருடி," என்று மெச்சிக்கொண்டாள்.

மேடம் நாற்காலியைத் துழாவிப் பிடித்து உட்கார்ந்தார். நடுங்கிய கையிலிருந்து மார்க்கர் நழுவிக் கீழே விழுந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. பின்னால் நெட்டை போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டே, "நர்ஸம்மா, பேஷண்ட் வெயிட் பண்றாங்க!" என்று குரல் கொடுத்தான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளுக்குக் காதெல்லாம் எரிந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் மேடத்தின் கழுத்தைப் பார்த்தாள். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கழுத்து தொப்பலாக நனைந்திருந்தது. மோவாயிலிருந்து ஒரு சொட்டு வருகைப் பதிவேட்டின் மேல் விழுந்தது, பிறகு இன்னொன்று. நாக்குக் குழறுவதை நடிக்கலாம். கை நடுக்கத்தை நடிக்கலாம். வியர்வையை யாரால் வரவழைக்க முடியும்?

இதை அவள் பார்த்திருக்கிறாள். அப்பாவுக்கு சுகர் இறங்கி, சமையலறையில் அண்ணியைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டு, அப்படியே தரையில் சரிந்த அன்று பார்த்தாள். சுகர் இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள அப்பாவின் சட்டைப் பையிலும் எப்போதும் மிட்டாய் இருக்கும். மேசைமேல் இருந்த காலி டப்பாவைப் பார்த்தாள். பரிசு பரிசென்று மேடத்தின் மருந்தையெல்லாம் வகுப்பு தின்று தீர்த்திருக்கிறது.

ஒருவேளை இதுவும் நடிப்பாக இருந்தால்? இன்னொரு தடவை இந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியாது. நாளைக்கே டி.சி. வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். மேடத்தின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

எழுந்துவிட்டாள். வகுப்பு ஓவென்று கத்தியது, யாரோ கைதட்டினார்கள். அவள் போய் மேடத்தின் கையைப் பிடித்தாள். சில்லென்று ஈரமாக இருந்தது.

"மேடம், உங்களுக்கு சுகர் இருக்கா?"

மேடம் அவளை முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். உதடு அசைந்தது, பேச்சு வரவில்லை.

"இது நாடகம் இல்ல!" என்று அவள் வகுப்பைப் பார்த்துக் கத்தினாள். நாடகத்தில் வரவேண்டிய வசனமும் அதுதானே? சிரிப்பு இன்னும் கூடியது. முதல் பெஞ்ச் பெண் மட்டும் முகம் வெளுத்துப்போய்த் தன் மிட்டாயை நீட்டினாள்.

"கெட்டி மிட்டாய் வேணாம், தொண்டையில சிக்கிக்கும்." அவள் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். "டேய் நெட்டை! அப்பா அன்னிக்கு சமையல்ரூம்ல விழுந்தாரே, நீதானே தூக்கி உட்கார வெச்சே? அதேதான்டா இது. கேண்டீன்லேருந்து சர்க்கரை கொண்டு வா, ஓடு!"

போன் கீழே இறங்கியது. நெட்டையின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் வகுப்பு வாயை மூடியது. அவன் பெஞ்சு பெஞ்சாகத் தாவி வெளியே ஓடினான்.

"மேடம், தூங்காதீங்க. என்னைப் பாருங்க." கண்கள் செருகிக்கொண்டே போயின. அவள் தோளில் விழுந்த தலை கனத்தது. யாரோ மருத்துவ அறைக்குப் போன் போட்டார்கள். கேண்டீன் கீழ்த்தளத்தில்தான் இருந்தது, ஆனால் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டதுபோல் இருந்தது அவளுக்கு. கடவுளே, சீக்கிரம் வரச்சொல் என்று வேண்டிக்கொண்டாள்.

நெட்டை சர்க்கரை டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தான். பின்னாலேயே கேண்டீன்காரர் திட்டிக்கொண்டு ஓடிவந்தார். உள்ளே பார்த்ததும் அவரும் திட்டுவதை நிறுத்திவிட்டார். தண்ணீர் பாட்டிலில் சர்க்கரையைக் கொட்டிக் குலுக்கி, அவள் மேடத்தின் உதட்டில் வைத்தாள்.

"கொஞ்சமா முழுங்குங்க மேடம்."

முதல் வாய் மோவாயில் வழிந்தது. அடுத்தது உள்ளே போனது. தொண்டை அசைந்ததைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

மருத்துவ அறை நர்ஸ் வருவதற்குள் மேடம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் அவர் விரலில் குத்தி சுகர் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நினைவே போயிருக்கும்," என்றார். பிறகு வகுப்பைப் பார்த்து, "முதல்ல எப்படி ஆரம்பிச்சுது? யாராவது கவனிச்சீங்களா?" என்று கேட்டார்.

முதல் பெஞ்ச் பெண் பழக்கதோஷத்தில் நோட்டைத் தூக்கிப் படித்தாள். "முதலில் எழுத்து கோணியது. பிறகு ஒரே வார்த்தையைத் திரும்பச் சொன்னார். கை நடுங்கியது. கழுத்தில் அதிக வியர்வை..." நோட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

நர்ஸ் பெஞ்சு பெஞ்சாகத் திறந்து கிடந்த நோட்டுகளைப் பார்த்தார். "எல்லாத்தையும் சரியாத்தானே பார்த்திருக்கீங்க?" என்றார்.

மேடம் அவள் கையை விடாமல் பிடித்திருந்தார். "இந்தத் தடவையும் நீதானா?" என்று மெதுவாகக் கேட்டார். அவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

கல்லூரி விட்டு வெளியே வரும்போது நெட்டை கூடவே நடந்து வந்தான். தெருமுனையில் போனை எடுத்து, அந்தப் படத்தை அவள் கண்முன்னாலேயே அழித்தான்.

"வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்," என்றான்.

"என்னன்னு?"

"நீதான் காப்பாத்தினேன்னு."

"சொல்லு," என்றாள் அவள். பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்த இரண்டு வரிகளை அவனிடம் காட்டினாள். "அதுக்கு முன்னாடி நானும் உட்கார்ந்து எழுதிக்கிட்டுதான் இருந்தேன்னும் சொல்லு."