ஏலத்தில் எடுத்த சேவல்

பரிபூரணம் சாட்சிக் கூண்டில் ஏறினாள். அவள் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. தன்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அதற்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சத்தியம் பண்ண வேண்டியிருக்கிறது.

புருஷன் கிளாட்வின் செத்து மாதம் ஒன்று ஆவதற்குள், அவனுடைய அண்ணன் ஞானராஜ் ராஜபாளையம் வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். தம்பி எழுதிக் கொடுத்ததாக ஒரு பத்திரமும் காட்டினார். அதிலிருந்தது கிளாட்வின் கையெழுத்தே இல்லை. ஆனால் அதைக் கோர்ட்டில் போய்ச் சொல்ல, வீட்டு மதிப்பில் நூற்றுக்கு மூன்று கட்டணம் கட்ட வேண்டுமாம். நாற்பத்தைந்தாயிரம். பேண்டேஜ் துணித் தறியில் நின்று, ஒன்பது வயது மகள் ஜெமியையும் வளர்த்து, வாடகையும் கொடுக்கிறவள் அதற்கு எங்கே போவாள்? காசில்லாதவளிடம் வீட்டைப் பிடுங்கினால் கேட்க நாதியிருக்காது என்று ஞானராஜுக்கு நன்றாகத் தெரியும்.

வக்கீல் முனீஸ்வரிதான் வழி சொன்னாள். "கட்ட ஏலாதவங்களுக்குக் கட்டணத்தத் தள்ளி வைக்கச் சட்டம் இருக்குக்கா. ஆனா வீட்டுல இருக்கறத ஒண்ணு விடாம எழுதணும். ஒண்ண மறைச்சாலும் மனு போச்சு."

எழுதினார்கள். கேஸ் அடுப்பு, இரும்புக் கட்டில், ஓடாத தையல் மிஷின், ஐந்து பாத்திரம். தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்து பார்த்து, உண்மைதான் என்று எழுதிப் போனார்.

இன்று ஞானராஜின் வக்கீல் கேள்வி கேட்கும் முறை. அவர் கையில் ஒரு மஞ்சள் நோட்டீஸ் இருந்தது.

"உங்க சபையோட அறுப்பின் பண்டிகை ஏலப் பட்டியல். பதினேழாவது பேரு யாரும்மா?"

"என் பேருதான்."

"என்ன ஏலம் எடுத்தீங்க?"

"சேவலு."

"எவ்வளவுக்கு?"

"பன்னெண்டாயிரம்."

யாரோ சிரித்தார்கள். முனீஸ்வரி சிரிக்கவில்லை. அவளுக்கு இது தெரியாது.

மனுப் போடுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அது. ஜெமி குஞ்சிலிருந்து வளர்த்த சேவல். அப்பா வீடு திரும்பக் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அவளே தூக்கிப்போய்க் காணிக்கையாகக் கொடுத்தாள். பண்டிகைக் காணிக்கைகளைச் சர்ச்சிலேயே ஏலம் விடுவார்கள். முன்வரிசையிலிருந்த ஞானராஜ், "கொழம்புக்கு ஆவும்" என்று சிரித்தபடி கேட்க ஆரம்பித்தார். பிள்ளை சேலைக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். பரிபூரணத்தின் கை தானாக உயர்ந்தது. அவர் ஏற்றினார், அவளும் ஏற்றினாள். சபையார் கைதட்டினார்கள். அடுத்த பண்டிகைக்குள் கொடுத்தால் போதும் என்பது கோயில் வழக்கம். அந்தத் தைரியம் அவளைப் பன்னிரண்டாயிரம்வரை இழுத்துப் போய்விட்டது.

"பன்னிரண்டாயிரத்துக்குச் சேவல் எடுக்கிறவங்க ஏழையாம்! சொத்துப் பட்டியல்ல அந்தச் சேவலையே காணோம்" என்றார் வக்கீல்.

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "சேவல் எங்கம்மா?"

"என்கிட்ட இல்லங்கய்யா. துட்டு குடுக்காம எடுத்துட்டு வர மனசு வரல. கோயில்லதான் நிக்கி. எம்மக சாயங்காலம் போயி தீனி வச்சிட்டு வருவா."

"அந்தத் துட்டு எப்பம்மா குடுப்பீங்க?" என்று வக்கீல் மடக்கினார்.

கொடுப்பேன் என்றால் காசு இருக்கிறது என்று ஆகும், வீடு போகும். பின்பெஞ்சில் சபைச் செயலாளர் தவசிமுத்து பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே ஞானராஜ். ஞாயிறுதோறும் பார்க்க வேண்டிய முகங்கள்.

"குடுக்க ஏலாது!" கத்தியேவிட்டாள். "கை தூக்கும்போதே என்கிட்ட ஒத்த ரூவா இல்ல. பீடத்துக்கு முன்னால நின்னு பொய் சொன்னேன். ஆண்டவரையே ஏமாத்துனேன். போதுமா?"

சேவல் கோயிலில்தான் இருக்கிறது என்று தவசிமுத்துவும் எழுந்து சொன்னார். கட்டணம் இல்லாமலே வழக்கை எடுத்துக்கொள்ள உத்தரவானது.

வெளியே வந்ததும் முனீஸ்வரி கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமேத்தான்க்கா கேஸே ஆரம்பம்!"

சந்தோஷப்பட நேரம் கிடைக்கவில்லை. தவசிமுத்து தயங்கித் தயங்கி வந்தார்.

"மனசுல வச்சிக்கிடாதம்மா. குடுக்க ஏலாதுன்னு சத்தியம் பண்ணிச் சொல்லிட்ட. ஏலம் எடுத்தவிய துட்டு குடுக்கலன்னா, அடுத்தாப்புல கேட்டவியளுக்குத்தான் சேவல். ஞானராஜ் இப்பமே துட்டக் கையில குடுத்துட்டாவ. போற வழியில எடுத்துக்கிடுதாவளாம்."

ஞானராஜின் கார் கோர்ட் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. பெண்களுக்கு இலவசமான டவுன் பஸ் ஊர்ந்து ஊர்ந்துதான் போகும். பரிபூரணம் காசு கொடுத்து எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் பிள்ளையிடம் என்ன சொல்வது என்றே யோசித்து வந்தாள்.

கோயில் வாசலில் பள்ளிக்கூடப் பையோடு ஜெமி நின்றாள். கையில் சேவலுக்குக் கம்பு போட்ட டப்பா அப்படியே இருந்தது. அழுதிருப்பாள் என்று பார்த்தால், முகம் மலர்ந்து ஓடிவந்தாள்.

"அம்மா, சேவலப் பெரியப்பா வந்து வாங்கிட்டுப் போயிட்டாவ. அப்பம் அதுக்குப் பதிலா வீட்டு சாவிய உங்கிட்ட குடுத்துட்டாவளா?"